அரக்குக் கோடி

கந்தப்பனைப் போல இளகின மனசுக்காரன் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலேயே கிடையாது என்று சொல்வார்கள். அப்படிச் சொன்ன யாரும் அவனோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை.

காளைக் கன்றுக்கு மூக்குக் குத்துகிற அன்றைக்கு அவன் மாடு கட்டுகிற கட்டுத்தாரைப் பக்கமே வரமாட்டான். கோழி அறுத்தால் பனங்காட்டுக்குள் போய்விடுவான். குழம்பு இறக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து வட்டலுக்கு முன்னால் உட்காருவான், அது வேறு விஷயம். பெண்டாட்டி ராமாத்தாள் இரண்டு பெண்களைப் பெற்றாள். இரண்டு தடவையும் அவள் வலியில் கத்தியபோது அவன் கிணற்று மேட்டில் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "உன்ற புருசனுக்கு எத்தன பாசம் பாரு, அழுது அழுது மூஞ்சியே வீங்கிப் போச்சு" என்று மருத்துவச்சி சொன்னதற்கு, "அப்ப அவியளுக்கே ஒத்தடம் குடுங்க, போங்க" என்றாளாம் ராமாத்தாள். அவனுக்கு இளகின மனசு, அவளுக்குக் கல்லு மனசு என்று ஊர் எப்போதோ பிரித்துக் கொடுத்துவிட்டது.

எழுபத்தைந்தாம் வருசம் தை மாசம், சோள அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, கந்தப்பனின் அக்கா மருதாத்தாளைப் பாலக்காட்டு ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புகையிலை அடக்கி அடக்கி வலது கன்னத்தில் வந்த புண் புற்றாகி, கன்னத்தில் துளையே விழுந்துவிட்டது. "இனி இவிடெ ஒண்ணும் செய்யானில்ல. வீட்டில் கொண்டுபோய் நல்லோணம் நோக்கிக்கோ" என்று மலையாளத்தில் கைவிரித்தார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டவள் ராமாத்தாள்தான். மிஞ்சினால் ஒரு மாசம் என்றார். கந்தப்பன் அப்போது வெளியே வேப்ப மரத்தடியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான்.

மருதாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயசு, தம்பியைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவள். தாய் செத்த பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். வேலந்தாவளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருசனைப் பாம்பு தீண்டிவிட்டது. பிள்ளை இல்லை. வெள்ளைச் சீலையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், இருபத்திரண்டு வருசம் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். சோளக்காட்டில் அவள் நின்றால் தூரத்துக்கு ஒரு கொக்கு நிற்கிற மாதிரித் தெரியும்.

இப்போது ஆசாரம் என்கிற முன்கூடத்தை ஒட்டின சின்ன அறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். ராமாத்தாள் விடியக் கருக்கலில் எழுந்து பால் கறந்து, அறுப்பு ஆட்களுக்குக் களி கிண்டி இறக்கிவிட்டு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பாள். பழைய வேட்டியைக் கிழித்து நனைத்துப் புண்ணைத் துடைப்பாள். வடிகட்டின கஞ்சியைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கில் ஊற்றி இடது கடைவாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவாள். பாதி உள்ளே போகும், பாதி கன்னத்துத் துளை வழியாக வெளியே வரும். வீடு பூராவும் சாம்பிராணி போட்டும் அந்த வாடை போகவில்லை.

கந்தப்பன் களத்தைவிட்டு அசையவில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கணவாய்க்குள் புகுந்து வருகிற கீழ்க்காற்று அந்தத் தையில் பேய்க்காற்றாக அடித்தது. தூற்றுவதற்கு அதைவிட நல்ல காற்று கிடைக்காது. அதுவே அவனுக்குச் சாக்காகப் போயிற்று. ஆனால் அக்காவுக்கு வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இளநீர் குலைகுலையாக வந்தது. மலைத்தேன் வந்தது. அவளால் தின்னவே முடியாத ஆரஞ்சுப் பழம்கூட வந்தது. எல்லாவற்றையும் அடுக்களை வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்பான்.

"அக்காளுக்கு எப்பிடி இருக்குது?"

"ஏனுங்க, இங்கிருந்து அந்த அறைக்கு ஆறு அடி. நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க."

"என்னால முடியாது புள்ள. அந்தக் கன்னத்தப் பாத்தா எனக்குக் குலையே நடுங்குது."

"அவியளுக்கு எப்பிடி நடுங்குமுங்க?"

அவனுக்குக் கண் நிறைந்துவிடும். துண்டை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விடுவான்.

ஐந்தாம் நாள், "உங்களக் கேக்கறாங்க" என்று ராமாத்தாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கொண்டுவந்து விட்டாள். கட்டிலைப் பார்த்ததுதான் தாமதம், கால்மாட்டில் விழுந்து ஓவென்று அழுதான். "அக்கா, உனக்கா இந்தக் கதி? இதப் பாக்கறதுக்கா நான் இருக்கறேன்?" என்று மார்பில் அடித்துக்கொண்டான். மருதாத்தாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்துத் துணியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் அவன் தலையைத் தடவினாள்.

"அழுகாத சாமி... எனக்கு நோவே இல்ல... போ... போய்ச் சோறு தின்னு."

வெளியே வந்தபோது அவனுக்கு மனசு லேசாக இருந்தது. பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றான்.

மறுநாள் விடிந்ததும் ராமாத்தாள் பால் போசியோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நோவே இல்லன்னு உங்ககிட்டச் சொன்னாங்கள்ல? ராத்திரி முச்சூடும் பல்லக் கடிச்சுட்டுக் கிடந்தாங்க. எந்திரிச்சு உக்காந்து பேசுனதுல புண்ணு வாயத் தொறந்து ரத்தம் நிக்கவே இல்ல."

"நான் என்ன பண்ணுனேன்? பாசத்துல அழுதது தப்பா?"

"தப்புன்னு ஆரு சொன்னா? உங்க பாசத்துக்கு அவியதான் எந்திரிச்சு மருந்து போடோணும்னு இருக்குதே, அதத்தான் சொல்றேன்."

"உனக்கென்ன தெரியும், கல்லு மாதர திரியற. கூடப் பொறந்தவனுக்குத்தான் தெரியும் அந்த வேதன."

ராமாத்தாள் கன்றை அவிழ்த்து விடப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கோடி போட வேண்டுமே! அந்தப் பக்கத்து வழக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சீலையை உடன்பிறந்தவன்தான் தன் கையால் போர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் பாடை நகரும். புருசன் செத்த அன்றைக்கும் அப்படித்தான், வெள்ளைச் சீலையை அவன்தான் போட வேண்டும்.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அவன் போடவில்லை. வெள்ளைச் சீலையைக் கையில் கொடுத்ததும் வேலந்தாவளத்து வீட்டுப் பின்வாசல் வழியாக ஓடி, சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் விழுந்து கிடந்தான். அத்தனை ஜனமும் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் யாரோ ஒரு தூரத்துப் பங்காளி போட்டான். அந்த வீட்டு மூத்தவர் ரத்தினசாமி, மருதாத்தாளின் புருசனுக்கு அண்ணன், அதை அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

அக்கா சாகிற அன்றைக்குக் கடைக்குப் போகத் தெம்பு இருக்காது என்று நினைத்துக் கந்தப்பன் ஒரு காரியம் செய்தான். பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய், உயிரோடு இருக்கிற அக்காவுக்குக் கோடி எடுத்தான்.

கடைக்காரர் பாயைத் தட்டிவிட்டு, "யாருக்குங்க?" என்றார்.

"அக்காளுக்குங்க."

"வயசு?"

"அம்பத்தெட்டுங்க."

"விசேசமுங்களா? பேரன் பேத்திக்குக் கண்ணாலமாட்ட இருக்குது?"

இல்லைங்க, சாவுக்கு, வெள்ளை எடுங்க என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. தலையை ஆட்டிவைத்தான்.

"அப்ப இதப் பாருங்க" என்று கடைக்காரர் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட சீலை ஒன்றை விரித்தார். நல்ல காரியத்துக்குப் போகிறதாயிற்றே என்று ஒரு விரலி மஞ்சளையும் உள்ளே வைத்து மடித்துக் கட்டிக் கொடுத்தார். கந்தப்பன் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை பொட்டலத்தை மடியில் வைத்து அழுதான். வீட்டுக்கு வந்து அட்டாலிப் பரணில் பழந்துணி மூட்டைக்குப் பின்னால் சொருகினான்.

பழைய வேட்டி தீர்ந்துபோய் இன்னொன்று எடுக்க ஏறின ராமாத்தாள் கையில் அது மாட்டாமல் வேறு யார் கையில் மாட்டும்! பொட்டலத்தை அடுக்களையில் போட்டு, களத்திலிருந்து அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"இது என்னுங்க?"

அவன் பொட்டலத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"உசுரோட இருக்கறவியளுக்குக் கோடி எடுத்து வெச்சிருக்கறீங்களா? அதுவும் கலர்ச் சீல? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"அன்னைக்குக் கடைக்குப் போக முடியாதுன்னுதான் புள்ள... வெள்ளன்னு கேக்க வாய் வரல..."

"கஞ்சி ஊத்தக் கை வரல, கோடி எடுக்கக் கை வந்துதா?"

மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் ஓட்டு வீட்டுச் சுவர் கூரையைத் தொடாது. அடுக்களையில் பேசினால் அறைக்குக் கேட்கும். உள்ளேயிருந்து கட்டில் காலைத் தட்டுகிற சத்தம் வந்தது. ராமாத்தாள் போய்விட்டு வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. நாத்தனாரை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கை அதப் பாக்கோணும்ங்கறாங்க. உங்களையே கொண்டாரச் சொல்றாங்க."

"ஐயோ, நான் மாட்டேன்."

"நானும் கொண்டு போகமாட்டேனுங்க. நீங்க எடுத்தது."

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஆறு அடி நடப்பதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. மருதாத்தாள் சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னத்தில் துணி. கண்கள் மட்டும் பழைய அக்காவின் கண்கள். பக்கத்தில் வை என்று கையைக் காட்டினாள். அவன் பிரித்து விரித்தான். விரலி மஞ்சள் உருண்டு கட்டிலில் விழுந்தது. அவனுக்கு உதடு கோணியது.

"அழுகாதடா" என்றாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "நீ அழுதா... நான் உன்னத் தேத்தோணும். இத்தன வருசம் தேத்திட்டேன். இப்பத் தெம்பில்ல."

அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

"என்ற புருசனக் கூடத்துல போட்டுட்டு, தலைய விரிச்சுட்டு, உன்னத் தட்டுப்போருக்குத் தேடி வந்தனே... நெனவிருக்குதா?"

இல்லாமலா? வெள்ளைச் சீலையோடு அவள் வந்தாள். வாடா கண்ணு, அழுகாத, அக்கா இருக்கறனல்ல என்று அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அன்றைக்கு அவளுக்கு முப்பத்தாறு வயசு. அவளை யார் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள் என்று இத்தனை வருசத்தில் ஒருநாளும் அவன் யோசித்ததில்லை. இப்போது யோசித்தான். அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

மருதாத்தாள் சீலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அரக்கு" என்றாள். "வெள்ள கேக்கலியா?"

"வாய் வரலக்கா. தப்பாப் போச்சு. நாளைக்கே மாத்திட்டு வந்தர்றேன்."

அவள் சிரித்தாள். சிரித்தது கன்னத்தை இழுத்து நோவு எடுத்தது. நோவு அடங்கும்வரை கண்ணை மூடியிருந்துவிட்டு, கரையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"மாத்தீராத. இதையே போடு."

"ஊரு பேசுமேக்கா."

"பேசும். ரத்தினசாமி மாமன் குதிப்பாரு. நீ ஓடீராத." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இந்தத் தடவ நான் தேடிட்டு வர முடியாது."

அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அழுகை வரப்பார்த்தது, வரப்பார்த்தது, அவன் விடவில்லை. பொழுதோடு ராமாத்தாள் வேப்பந்தண்ணியோடு வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. "எப்பிடித் தொடைக்கறதுன்னு காட்டு" என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துணியை நீட்டினாள்.

முதல் நாள் கை ஆடின ஆட்டத்தில் தண்ணீர் பாதி கட்டிலில் சிந்தியது. வெளியே வந்து ராமாத்தாளிடம் கேட்டான்.

"உனக்கு எப்பிடிப் புள்ள அழுகையே வரமாட்டீங்குது?"

"வராம என்ன? கட்டுத்தாரைக்குப் போய் எருமைக்குப் பக்கத்துல நின்னு அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வருவேன். அது என்ற அழுக. அவிய முன்னால அதக் கொண்டுபோய் எதுக்கு வைக்கோணும்?"

இருபத்தைந்து வருசம் கூடக் குடித்தனம் பண்ணியும் அவனுக்கு இது தெரியாது.

அன்றிலிருந்து அவனும் அப்படிச் செய்தான். சங்கில் கஞ்சி ஊட்டுகிறபோது கண் முட்டினால், "சித்த இரு அக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு வந்தர்றேன்" என்று எழுந்து போவான். முன்பெல்லாம் போனால் போனதுதான். இப்போது திரும்பி வந்தான். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை மாட்டுக்குத் தண்ணி காட்டினான். "குடிச்சுக் குடிச்சு அதுக்கு வகுறு வெடிக்கப் போகுதுடா" என்றாள் மருதாத்தாள்.

கண்ணில் நீர் மறைக்காதபோது அவனுக்குச் சிலதெல்லாம் தெரிந்தது. தண்ணீர் சூடாக இருந்தால் அவள் இடது கால் பெருவிரல் மடங்கும். கீழ்க்காற்று சன்னல் வழியாக நேரே அடித்தால் புண்ணுக்குள் குத்தும், அவள் சொல்லமாட்டாள். அவன் ஒரு சாக்கைக் கட்டி மறைத்தான். வாடை அவனைவிட அவளைத்தான் கூசவைத்தது, அதனால்தான் அவன் வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அவன் கட்டிலைத் தாண்டிப் போய்ச் சுவர்ப் பக்கமே உட்கார ஆரம்பித்தான்.

"காட்டப் பத்திச் சொல்லு" என்பாள்.

"மேக்காட்டுல கதிரறுத்து முடிஞ்சுதுக்கா. பனையோரத்துப் பாத்தியில மட்டும் பறவ தின்னுருச்சு. தட்டு நல்ல ஒசரம். போர் போடறாங்க. நீ போடற மாதர ஆருக்கும் வரல, இந்தப் பக்கம் சாஞ்சு நிக்குது."

"அடில... குறுக்க போடச் சொல்லு."

"சொல்றேங்க்கா."

மாசி பிறந்து நான்காம் நாள், மத்தியானம், கஞ்சி வேண்டாம் என்று கையால் தள்ளினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குதுடா கந்தா."

பிறந்ததிலிருந்து அக்கா வாயில் அவன் கேட்டிராத சொல் அது. தாய் செத்தபோது சொல்லவில்லை. புருசன் செத்தபோது சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டான் என்று அவனுக்காகவே விழுங்கி வைத்திருந்திருக்கிறாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகலாம். போகவில்லை. அவள் பாதம் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"பயமாத்தாங்க்கா இருக்கும்" என்றான். "நான் இங்கதான் இருக்கறேன். எங்கயும் போகல."

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. மூன்றாம் நாள், வெயில் சுள்ளென்று ஏறுகிற நேரத்தில், அவன் கைக்குள் இருந்த கால் குளிர்ந்துபோயிற்று.

ஆசாரத்தில் ஜனம் கூடியது. குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். வேலந்தாவளத்திலிருந்து ரத்தினசாமி வெண்மீசையும் கைத்தடியுமாக வந்து சேர்ந்தார். கோடி போடற நேரமாச்சு என்று குரல் வந்தது. கந்தப்பன் அட்டாலியிலிருந்து சீலையை எடுத்து வந்து பிரித்தான். வெள்ளைச் சீலையில் கிடந்தவளுக்குப் பக்கத்தில் அரக்கு நிறம் தகதகவென்று விரிந்ததும் ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது.

"என்னடா கூத்து இது?" என்றார் ரத்தினசாமி. "தாலியறுத்தவளுக்கு அரக்குச் சீலையா? போயி வெள்ள எடுத்துட்டு வாடா."

"அக்காதானுங்க மாமா இதப் போடச் சொல்லுச்சு."

"செத்தவ மேல பழியப் போடறியா? என்ற தம்பி பொண்டாட்டி அவ. எங்க வம்சத்துல இல்லாத வழக்கத்த நீ கொண்டாராத."

நாலாபக்கமும் சத்தம் கிளம்பியது. பைத்தியமா இவனுக்கு என்றார்கள். பின்வாசல் திறந்துதான் கிடந்தது. அதற்கு நேரே, காட்டோரம், புதுத் தட்டுப்போர் சாய்ந்து நிற்பது தெரிந்தது. கந்தப்பனுக்குக் கால் அந்தப் பக்கம் இழுத்தது. ஓடினால் யாராவது இந்தச் சண்டையைத் தீர்த்து, யாராவது ஒரு வெள்ளையைக் கொண்டுவந்து, யாராவது போர்த்திவிடுவார்கள். இரண்டு கையாலும் சீலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு ஓடிப்போனவந்தான நீ?" என்றார் ரத்தினசாமி. "நீ வழக்கம் பேசறியா?"

"ஆமாங்க மாமா, ஓடித்தான் போனேன். அதுக்கு நீங்க என்ன சொன்னாலும் தகும். இன்னைக்கு நிக்கறேன். அக்கா இந்தக் கரையப் புடிச்சுப் பாத்துச்சுங்க, ஆசப்பட்டுச்சுங்க. பேசறத எல்லாம் என்னையப் பேசுங்க. இதத்தான் போடுவேன்."

குனிந்து போர்த்தினான். கழுத்துவரை இழுத்துவிட்டு, புண் தெரியாதபடி முந்தானையைக் கன்னத்தோடு ஒதுக்கினான். கை ஆடவில்லை. கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"வளத்தவ போய்ட்டா, ஒரு சொட்டு வருதா பாரு" என்று ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவன் காதில் நன்றாகவே விழுந்தது. "இவனையா நாம இளகின மனசுன்னு சொன்னோம்? கல்லு நெஞ்சன்."

ரத்தினசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆனால் தூக்கும்போது அவரும் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

மயானத்துக்குப் போய் எல்லாம் முடித்துத் தலைமுழுகி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜனம் கலைந்துவிட்டது. இனிமேல் யார் முன்னாலும் அடக்க வேண்டியதில்லை. கந்தப்பன் ஈர வேட்டியோடு தட்டுப்போரைப் பார்க்க நடந்தான். அங்கே போய் விழ வேண்டும், ஆசை தீர அழ வேண்டும். யாரும் தேடி வரப்போவதில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

கட்டுத்தாரையைத் தாண்டும்போது சத்தம் கேட்டது. மாடு என்றுதான் முதலில் நினைத்தான். எட்டிப் பார்த்தான். எருமைக்குப் பக்கத்தில், சாணியும் கோமியமுமாகக் கிடந்த தரையிலேயே உட்கார்ந்து, ராமாத்தாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். "நங்கை... நங்கை..." என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தது அவனுக்குக் கேட்டது. ஒரு மாசமாகப் புண் துடைத்த கை வேப்பந்தண்ணியில் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

அவனைப் பார்த்ததும் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சோறு ஆக்கலீங்க. இதா வந்தர்றேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இரு புள்ள. ஒண்ணும் அவசரமில்ல."

அவன் தட்டுப்போர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்தில் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தான். அவள் சந்தேகமாக அவன் முகத்தைப் பார்த்தாள், எங்கே ஆரம்பித்துவிடுவானோ என்று. அவன் ஆரம்பிக்கவில்லை. அவள் மறுபடியும் அழத் தொடங்கினாள், இந்தத் தடவை முந்தானையை வாயில் வைக்காமல். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அவன் எங்கேயும் போகவில்லை.